பள்ளி ஆய்வாளர்

ஆய்வாளர் வரவிருக்கின்றார் என்னும் செய்தி எட்டியவுடன் ஒரு பள்ளியின் தோற்றமே மாறிவிடுவதை மாணவர்கள் நன்கு அறிவார்கள். மூலைகளில் படிந்த ஒட்டடை நீங்குகின்றது. கரும்பலகைகள் புதுக்கறுப்பு ஏற்கின்றன. நெடுநாள் எழுதப்படாது கிடந்த பதிவேடுகள் ஓரிரவில் நிறைவெய்துகின்றன. கட்டுரை ஏடுகளில் சிவப்பு மை தாராளமாக ஓடுகின்றது. வருபவரோ ஒருவர், அவர் தங்குவதும் சில மணி நேரமே. அவ்வொருவர்க்காக இத்துணை ஆரவாரம் நிகழ்வானேன்? அவர் யார்? அவரை அனுப்பியவர் யார்? அவர் தாம் கண்டதை யாரிடம் உரைப்பார்? உரைத்தால் அதனைச் செவிமடுத்துச் செய்து முடிக்க வல்லவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவோமாயின், அரசு என்னும் பெரிய அமைப்பு எவ்வாறு இயங்குகின்றது என்பதன் ஒரு பகுதியையும் உடன் அறிந்தவர்களாவோம்.

'இன்ஸ்பெக்டர்' என்னும் ஆங்கிலச் சொல்லையே நம் முந்தையோர் நெடுங்காலம் வழங்கி வந்தனர். பின்னர் 'ஆய்வாளர்' என்னும் தமிழ்ச்சொல் அதன் இடத்தைப் பெற்றது. இச்சொல் மிகப் பொருத்தமாக அமைந்தது என்பது என் கருத்து. ஆய்தல் என்பதனை நுணுக்கப் பொருள் தரும் சொற்களுள் ஒன்றாகத் தொல்காப்பியர் உரியியலில் வைத்து ஓதினார். இன்றும் நம் இல்லங்களில் தாய்மார் கீரை ஆய்கின்றனர். புல்லையும் பழுத்த இலையையும் களைந்து நல்லிலையைத் தெரிந்தெடுக்கும் செயல் அது. கீரை ஆயும் தாய் கீரையின் மேல் சினம் கொள்வதில்லை என்பதையும் நினைவிற் கொள்க. ஆய்வாளர் சிலர் இதனை மறந்ததுண்டு.

திண்ணைப் பள்ளிகள் நடந்த காலத்தில் இப்படி ஓர் அலுவலர் இருந்தாரல்லர். ஆசிரியர் ஊராருக்கே கடப்பாடு உடையவராய் இருந்தார். பிள்ளை எழுத்தறியாது போயின், பெற்றோர் அளிக்கும் நெல்லும் காசும் குறையும். அதுவே அவருக்கு ஆய்வு. 1822-ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆளுநராய் இருந்த தாமஸ் மன்றோ, ஒவ்வொரு மாவட்டத்திலும் பள்ளிகள் எத்தனை, பயில்வோர் எத்துணையர் என்று கணக்கெடுத்து அனுப்புமாறு மாவட்ட ஆட்சியர்களைப் பணித்தார். அக்கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும், அவற்றில் 1,88,000-க்கும் மேற்பட்ட மாணவரும் இருந்தனர் என 1826-இல் அவர் எழுதிய குறிப்பால் அறிகின்றோம். அக்காலத்தில் கல்விக்கெனத் தனித் துறை இல்லாமையால் வருவாய்த் துறையே இப்பணியைச் செய்தது. நிலவரியைக் கணக்கிட்ட கைகளே மாணவர் தலைகளையும் எண்ணின. எத்தனை பேர் பயில்கின்றனர் என்பது இதனால் தெரிந்தது. என்ன பயின்றனர், எவ்வளவு பயின்றனர் என்பன தெரியவில்லை. எண்ணுதல் வேறு, ஆய்தல் வேறு.

பள்ளி ஆய்வாளர் என்னும் பதவி நமக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே 1833-ஆம் ஆண்டில் பள்ளிக் கட்டடங்களுக்கென நாடாளுமன்றம் 20,000 பவுன் ஒதுக்கியது. பொதுப்பணம் செல்லுமிடத்துப் பொதுக் கண்ணும் செல்லவேண்டும் அன்றோ? ஆகவே 1839-இல் கல்விக்கென ஒரு குழு அமைந்தது. இரண்டே இரண்டு ஆய்வாளர்கள் அமர்த்தப்பட்டனர். திருச்சபைப் பள்ளிகளை ஜான் ஆலன் என்பவரும், மற்றொரு சங்கத்தின் பள்ளிகளை ஹியூ டிரெமன்ஹீர் என்பவரும் பார்வையிட்டனர். இவர்களை அமர்த்தியது ஓர் அமைச்சர் அல்லர். முடியின் ஆணையால் அமர்த்தப்பட்டு, 'மாட்சிமை தங்கிய அரசியாரின் ஆய்வாளர்' என்னும் பெயரை இவர்கள் தாங்கினர். பள்ளியை அடக்கியாளுவது ஆய்வாளரின் பணியன்று, அதற்குத் துணை நிற்பதே பணி என்று 1840-இல் அவர்களுக்கு அளிக்கப்பட்ட அறிவுரை கூறிற்று.

கொள்கை சிறந்தது. நடைமுறையிலோ முட்கள் இருந்தன. திருச்சபைப் பள்ளிகளுக்குச் செல்லும் ஆய்வாளரைப் பேராயர்களின் இசைவின்றி அமர்த்தலாகாது என 1840-இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. டிரெமன்ஹீரோ இலண்டன் நகரில் தாம் கண்ட பள்ளிகளின் குறைகளை மறையாது எழுதினார். அப்பள்ளிகளை நடத்திய சங்கத்தார் சினந்தனர், முறையிட்டனர். முடிவில் அவர் பள்ளிகளை விட்டுச் சுரங்கங்களைப் பார்வையிடும் பணிக்குச் செல்ல நேர்ந்தது. முடியே அமர்த்திய ஒருவரையும் இடம் பெயர்க்கும் வலிமை சினத்திற்கு இருந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இனி ஆய்வாளர் மேல் அச்சம் எவ்வாறு வந்தது என்பதைக் காண்போம். 1862-ஆம் ஆண்டில் இராபர்ட் லோ என்பவர் கல்விக் குழுவின் துணைத் தலைவராய் இருந்தபோது புதிய விதித்தொகுப்பு ஒன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒரு மாணவனால் பள்ளிக்குக் கிடைக்கக்கூடிய உதவித்தொகை ஆண்டுக்கு 12 ஷில்லிங். வருகைக்கென 4 ஷில்லிங். எஞ்சிய 8 ஷில்லிங் ஆய்வாளர் நடத்தும் தேர்வைப் பொறுத்தது. படித்தல், எழுதுதல், கணக்கு ஆகிய மூன்றனுள் மாணவன் எதில் தவறினாலும் ஒவ்வொன்றிற்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் கழிக்கப்படும். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்: ஷில்லிங் ஒன்றுக்கு 12 பென்ஸ், மூன்றிலும் தவறினால் 8 ஷில்லிங்கும் போயிற்று. ஒரு சிறுவனின் நா தடுமாறினால் ஆசிரியரின் ஊதியம் குறையும் நிலை ஏற்பட்டது. ஆசிரியர்கள் வேறென் செய்வர்? பாடநூலைச் சிறுவர்கள் நெட்டுருச் செய்யும்படி செய்தனர். வரலாறும் நிலநூலும் பணம் தாராமையால் ஒதுக்கப்பட்டன. துணையாய் வந்தவர் தண்டல்காரர் ஆனார்.

இம்முறையை எதிர்த்தவருள் ஓர் ஆய்வாளரும் இருந்தார் என்பது வியப்பிற்குரியது. அவர் பெயர் மாத்யூ ஆர்னால்டு. ஆங்கில இலக்கியத்தில் புகழ்பெற்ற புலவரும் திறனாய்வாளருமாகிய அவர் 1851 முதல் 1886 வரை முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளி ஆய்வாளராய்ப் பணியாற்றினார். தம் துறையின் மேலாளரே கொண்டுவந்த விதித்தொகுப்பைக் கண்டித்து அவர் 1862-இல் கட்டுரை எழுதினார். ஆயினும் பணியில் நீடித்தார். அக்காலத்து அரசின் இப்பொறுமையும் பாராட்டற்குரியதே. தேர்ச்சிக்கேற்பப் பணம் அளிக்கும் முறை இங்கிலாந்தில் 1890-ஆம் ஆண்டிற்குப் பின் சிறிது சிறிதாக ஒழிந்தது. நம் சென்னை மாகாணத்திலும் உதவி பெறும் பள்ளிகளுக்கு அம்முறை அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் வழங்கிற்று. 1904-ஆம் ஆண்டின் இந்திய அரசுக் கல்வித் தீர்மானம் அதனை ஏற்கவில்லை. ஆனால் அம்முறை விதைத்த அச்சம் அதனோடு ஒழிந்ததா என்பதை உங்கள் பாட்டனாரைக் கேட்டறிக.

1864-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது ஒன்றைச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும். ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் அறிக்கை எழுதித் தலைமை அலுவலகத்திற்கு அனுப்புவர். அவை அச்சிடப்பட்டு நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படும். துறையின் கொள்கைக்கு மாறான பகுதி ஓர் அறிக்கையில் காணப்பட்டால், அலுவலகம் அவ்வறிக்கையை எழுதியவருக்கே திருப்பி அனுப்பும். அவர் அப்பகுதியை நீக்கினால் அச்சாகும், நீக்காவிடில் அச்சாகாது. அவ்வாறு திருப்பப்பட்டவற்றுள் சிலவற்றில், நீக்கவேண்டிய வரிகளுக்கு நேரே குறியும் இடப்பட்டிருந்தது. செய்தி வெளியாயிற்று. ஆய்வாளர் எழுதிய அறிக்கைகள் சிதைக்கப்படுகின்றன என்று நாடாளுமன்றத்தில் இராபர்ட் செசில் பிரபு ஒரு தீர்மானம் கொணர்ந்தார். அது சிறு வேறுபாட்டில் நிறைவேறியது. இராபர்ட் லோ பதவி துறந்தார். அவர் கண் பார்வை மிகக் குன்றியவர்; தாள்களைப் பிறர் படிக்கக் கேட்பவர்; அறிக்கைகளில் குறியிடப்பட்டிருந்ததைத் தாம் அறியார் என்றார். பின்னர் அமைந்த விசாரணைக் குழு அவரைக் குற்றமற்றவர் எனக் கண்டது, தீர்மானமும் விலக்கிக்கொள்ளப்பட்டது.

இவ்வழக்கில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஒரு துறையின் ஊழியர் ஒவ்வொருவரும் அத்துறையின் கொள்கையைத் தம் அறிக்கையில் வாதித்துக்கொண்டிருப்பின் வேலை நடவாது என்று அலுவலகம் எண்ணியது பொய்யன்று. எனினும் கண்டவர் ஒருவர், காணாதவர் மற்றொருவர். காணாதவர் கண்டவரின் சொல்லைத் திருத்தினால், பின்னர் அச்சொல்லைப் படிப்பவர் யாருடைய கண்ணால் காண்கின்றார்? நம் வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தாலன்றித் தெளிதலாகாது என்று அரசனுக்கு உரைத்தார். ஒற்றர் மறைந்து செல்பவர். ஆய்வாளர் அறிவித்துவிட்டு வெளிப்படையாக வருபவர். இவ்வேறுபாடு இருப்பினும், சொல்லைச் சரிபார்க்க வேண்டுமாயின் மற்றொருவரை அனுப்பிப் பார்க்கச் செய்யவேண்டுமேயன்றி, இருந்த இடத்திலிருந்து வரியை அடிக்கலாகாது என்பது இரண்டிற்கும் பொருந்தும்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1854-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இலண்டனிலிருந்து வந்த கல்வித் திருமுகம், அதனை அனுப்பிய சார்லஸ் உட் என்பவரின் பெயராலேயே வழங்குகின்றது. ஒவ்வொரு மாகாணத்திலும் கல்விக்கெனத் தனித்துறை ஒன்று அமையவேண்டும், அதன் கீழ்த் தகுதி வாய்ந்த ஆய்வாளர்கள் இருக்கவேண்டும் என்று அது பணித்தது. சென்னையில் 1855-இல் அலெக்சாண்டர் அர்பத்நாட் முதல் பொதுக் கல்வி இயக்குநரானார். அப்பதவியின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமே 'டி.பி.ஐ.' என்பது. பதவியின் பெயர் மாறிப் பல்லாண்டுகள் கழிந்த பின்னும் நுங்கம்பாக்கத்துக் கல்வி அலுவலகங்கள் இருக்கும் வளாகத்தை மக்கள் டி.பி.ஐ. என்றே அழைத்தனர். 2022-இல் அது பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் என்னும் பெயரைப் பெற்றது. ஆட்டோ ஓட்டுநரிடம் பழைய பெயரைச் சொன்னால் இன்னும் விரைவில் கொண்டு சேர்ப்பார்.

இயக்குநருக்குக் கீழே ஆய்வாளர். அவருக்குக் கீழே துணை ஆய்வாளர். அவருக்கும் கீழே தொடக்கப் பள்ளிகளுக்கு நடந்தும் வண்டியிலும் செல்லும் சிறிய அலுவலர். பெண்கள் பள்ளிகளுக்குத் தனியே பெண் ஆய்வாளர் என ஏணி நீண்டது. ஒரு துணை ஆய்வாளரின் எல்லை 'சரகம்' எனப்பட்டது. ஊரார் அவரை 'டிப்டி' என்று சுருக்கி அழைத்தனர். நூற்றுக்கணக்கான சிற்றூர்களுக்கு அரசு என்பது இந்த டிப்டியின் உருவிலேயே தோன்றியது. ஏணியின் உச்சியில் இருப்பவர் உயர்ந்தவர் என்பது உண்மையே. ஆயினும் ஒரு குழந்தை படிப்பதைத் தம் காதால் கேட்பவர் அடிப்படியில் நிற்பவர்தாம். மேலே செல்லச் செல்லக் குழந்தையின் குரல் தேய்ந்து எண்ணாக மாறுகின்றது. இயக்குநரின் மேசையை அடையும்போது அது ஓர் அட்டவணையில் ஒரு கட்டமாக நிற்கும்.

இவ்வேணியில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரு முறை உண்டு. 'உரிய வழியாக' என்னும் தொடரை அலுவலகக் கடிதங்களின் தலைப்பில் காணலாம். ஆசிரியர் தம் விண்ணப்பத்தை நேரே இயக்குநருக்கு அனுப்புதல் கூடாது. தலைமையாசிரியர் வழியாக, அடுத்த அலுவலர் வழியாகப் படிப்படியே செல்லவேண்டும். இது வீண் சடங்கு என்று இளைஞர் எண்ணுவர். ஒருவர் கூறியதை அவரை அறிந்த மற்றொருவர் படித்துத் தம் கருத்தையும் சேர்த்து அனுப்புவதால், மேலிருப்பவர் அறியாது ஆணையிடும் தீங்கு குறைகின்றது. அதே சமயம், வழியில் உள்ள ஒருவர் கடிதத்தைத் தம் மேசையிலேயே உறங்கவிட்டால் அது மேலே செல்வதில்லை என்பதும் உண்மை.

இதனினும் பெரிய இடர்ப்பாடு ஒன்று உண்டு. காணும் அதிகாரம் ஓரிடத்திலும் செய்யும் அதிகாரம் வேறோரிடத்திலும் இருப்பதே அது. நான் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தமிழாசிரியனாய் இருந்தேன். ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981-ஆம் ஆண்டிலேயே அரசு ஊழியராகிவிட்டனர். கட்டடமோ ஒன்றியத்தின் பொறுப்பிலேயே இருந்தது. ஆண்டாய்வுக்கு வந்த அலுவலர் நெடிய மனிதர். நான்காம் வகுப்பில் நின்றவர் மேலே நோக்கினார். தம் குடையின் முனையால் உத்திரத்தைக் குத்தினார். மாவு போலக் கொட்டியது. உள்ளெல்லாம் செல் அரித்திருந்தது. அவர் அதுவரை பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, அவ்வகுப்புப் பிள்ளைகளை அப்பொழுதே வேப்பமரத்தடிக்கு மாற்றச் செய்தார். பின்னர் ஆய்வுக் குறிப்பில் உத்திரத்தைப் பற்றி ஆறு வரி எழுதினார். எழுதியதன்றி அவரால் வேறொன்றும் செய்ய இயலவில்லை. ஓர் ஓட்டை மாற்றக்கூட அவருக்கு ஒரு ரூபாய் செலவிடும் உரிமை இல்லை. குறிப்பு மேலே சென்று, அங்கிருந்து மற்றொரு துறைக்குச் சென்று, அத்துறையின் ஏணியில் இறங்கி வரவேண்டும். மறு ஆண்டு வேறோர் அலுவலர் வந்து அவ்வாறு வரியையும் ஏறக்குறைய அப்படியே எழுதினார். மூன்றாம் ஆண்டில்தான் கொல்லர் தச்சரோடு ஒன்றியத்தார் வந்தனர். அதுவரை நான்காம் வகுப்பு மரத்தடியில் நடந்தது. மழை நாளில் ஐந்தாம் வகுப்போடு நெருங்கி அமர்ந்தது. முதலில் வந்த அலுவலர் மட்டும் வாய்மொழியாகவேனும் இடம் மாற்றச் செய்திராவிடில் என்னாகியிருக்கும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

இது சிறிய பள்ளியின் சிறிய செய்தி. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் நிகழ்ந்ததை நாடறியும். மதிய உணவு சமைக்கும் இடத்தில் பற்றிய தீ, கூரை வேய்ந்த வகுப்பறையைத் தாவிப் பிடித்தது. 94 குழந்தைகள் மாண்டனர். ஒரே கட்டடத்திற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் நெருக்கமாக நடந்துகொண்டிருந்தன. அப்பள்ளியும் ஆய்வுக்கு உட்பட்ட பள்ளியே. வழக்கில் கல்வித்துறை அலுவலர் பலரும் குற்றம் சாட்டப்பட்டு நின்றனர். தீயைப் பற்றி யான் இங்கு மேலும் விரிக்கவில்லை. ஆய்வைப் பற்றி மட்டும் கூறுகின்றேன்.

ஒரு தனியார் பள்ளி ஏற்பிசைவு பெறுவதற்குக் கட்டடத்தின் உறுதிக்குப் பொறியாளர் சான்று வேண்டும். பொதுக் கட்டடமாக வழங்குதற்கு 1965-ஆம் ஆண்டின் சட்டப்படி வட்டாட்சியர் உரிமம் வேண்டும். குடிநீர், கழிப்பிடம் முதலியவற்றிற்குச் சுகாதாரத் துறையின் சான்று வேண்டும். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றும் வேண்டும். நான்கு சான்று, நான்கு துறை, நான்கு ஏணி. கல்வி அலுவலர் இந்நான்கு தாள்களும் கோப்பில் உள்ளனவா எனப் பார்க்கின்றார். பொறியாளர் சுவரைப் பார்த்தார் எனக் கல்வி அலுவலர் கொள்கின்றார். கல்வி அலுவலர் ஆண்டுதோறும் பார்ப்பார் எனப் பொறியாளர் கொள்கின்றார். தாள்கள் ஒழுங்காய் இருக்கும்போதே, கூரை என்ன பொருளால் வேயப்பட்டது, மாடிப்படி எத்தனை அகலம், சன்னலில் கம்பி உண்டா என்று தலை நிமிர்ந்து பார்ப்பவர் ஒருவரும் இல்லாது போகலாம். அந்நிகழ்ச்சிக்குப் பின் பள்ளிகளில் கீற்றுக் கூரை அகற்றப்பட்டது. 2009-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், நாட்டின் பள்ளிகள் அனைத்தும் தீப்பாதுகாப்பு விதிகளை நிறைவேற்றவேண்டும் என்று ஆணையிட்டது. குடை முனையால் உத்திரத்தைக் குத்திய அம்மனிதரை அந்நாட்களில் நான் நினைத்துக்கொண்டேன்.

ஏணியைத் திருத்தி அமைக்கும் முயற்சிகளும் நடந்து வந்துள்ளன. முன்னர்த் தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளிகளை உதவித் தொடக்கக் கல்வி அலுவலரும் மாவட்டத் தொடக்கக் கல்வி அலுவலரும், உயர்நிலைப் பள்ளிகளை மாவட்டக் கல்வி அலுவலரும், மெட்ரிக் பள்ளிகளைத் தனி ஆய்வாளரும் பார்வையிட்டனர். ஒரே தெருவில் உள்ள மூன்று பள்ளிகளுக்கு மூன்று அலுவலர். 2018-இல் இவ்வரிகள் அனைத்தும் ஒன்றாக்கப்பட்டன: எல்லா வகைப் பள்ளிகளும் மாவட்டக் கல்வி அலுவலரின் கீழும், அவர் முதன்மைக் கல்வி அலுவலரின் கீழும் வந்தனர். ஒன்றியத்தில் இருந்த சிறிய அலுவலர் வட்டாரக் கல்வி அலுவலர் என்னும் பெயர் பெற்றார். நான்கே ஆண்டுகளில், ஒருவரே எல்லாவற்றையும் பார்ப்பதால் தொடக்கப் பள்ளிகள் பின்தள்ளப்படுகின்றன என்னும் குறை எழுந்தது. 2022-இல் தொடக்கக் கல்விக்கு ஒருவர், இடைநிலைக் கல்விக்கு ஒருவர், தனியார் பள்ளிகளுக்கு ஒருவர் என மாவட்டக் கல்வி அலுவலர் பணி மீண்டும் பிரிக்கப்பட்டது; முதன்மைக் கல்வி அலுவலர் மூவர்க்கும் மேலவராய் நின்றார். ஒன்றாக்கினால் சிறியன மறைகின்றன. பிரித்தால் பொறுப்பு சிதறுகின்றது. இரண்டிற்கும் நடுவே எந்த அரசும் இன்னும் நிலையான இடத்தைக் கண்டதில்லை. எனக்கோ பிரிப்பதே நன்றெனத் தோன்றுகின்றது. ஐந்து வயதுக் குழந்தையின் பள்ளியைப் பார்க்கத் தனிக் கண் வேண்டும்.

மாணவர்களே! ஆய்வாளர் உங்கள் வகுப்பிற்குள் வரும்போது எழுந்து வணங்கி அமருங்கள். அவர் கடைசிப் பலகையில் அமர்ந்து பாடத்தைக் கேட்பார்; உங்களுள் ஒருவரைப் படிக்கச் சொல்வார்; ஏடுகளைப் புரட்டுவார். தெரிந்ததைத் தெரிந்தவாறும், தெரியாததைத் தெரியாது என்றும் கூறுங்கள். குடிநீர்க் குழாயில் நீர் வருகின்றதா என்று கேட்டால், வாராத நாளில் வரவில்லை என்றே கூறுங்கள். அதற்காக உங்கள் தலைமையாசிரியர் வருந்தமாட்டார். அவர் பலமுறை எழுதிப் பாராத விடை வந்ததை நீங்கள் அறியீர்கள். உங்கள் ஒரு சொல் அவருக்குத் துணையாகும்.

ஆய்வு முடிந்தபின் அலுவலர் தம் குறிப்பைப் பள்ளிக்கு அனுப்புவார். அதில் கண்ட ஒவ்வொரு குறைக்கும் எதிரே, அது நீங்கிற்றா, நீங்காதாயின் ஏன் என்று தலைமையாசிரியர் எழுதி நிவர்த்தி அறிக்கை அனுப்புதல் வேண்டும். அவ்வறிக்கை, ஆய்வாளர் இறங்கி வந்த அதே படிகளில் ஒவ்வொன்றாக ஏறிச் செல்லும்.